மலையில் ஒலித்த தாய்மொழி

ஆடி மாதத்தின் கடைசி நாள்களில் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் காற்று புழுதியை வாரித் தூற்றிக்கொண்டிருக்கும். சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் அந்தக் காற்றும் வெயிலும் தொழிலுக்குத் துணை. பட்டாசுக்கும் தீக்குச்சிக்கும் ஈரம் ஆகாது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் தன் மறுபுறத்திலேயே இறக்கிவிடுகிறது. இப்பக்கம் வந்து சேர்வது வறண்ட காற்றுதான். அதே நாள்களில், வடமேற்கே பழனி மலைத்தொடரின்மேல், கடல்மட்டத்திலிருந்து 2,133 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் நண்பகலிலும் மஞ்சு இறங்கிப் பாதையை மறைக்கும். தூறல் விட்டுவிட்டுத் தொடரும். கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கிய மக்கள் ஒரு கொடிமரத்தைச் சூழ்ந்து நிற்பர். சலேத் அன்னையின் திருவிழாவுக்குக் கொடி ஏறும் காலம் அது.

சலேத் என்பது தமிழ்ச்சொல் அன்று. பிரான்சு நாட்டின் ஆல்ப்சு மலையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். லா சலேத் என்னும் அந்தப் பெயர் கடல் கடந்து, சமவெளி கடந்து, இன்னொரு மலையின்மேல் ஏறித் தமிழ்ப்பெயராகிவிட்டது. மலையில் வாழ்வோர் அதை அயல்நாட்டுப் பெயர் என்று எண்ணிச் சொல்வதில்லை. அந்தோணி, சவேரியார், சலேத் என்று அது வாயில் தானாகவே வரும். ஒரு பெயர் இவ்வாறு வேரூன்றுவதற்கு வழிபாடு மட்டும் போதுமா? அதற்கு முன்பே மொழி தன் வேலையைச் செய்திருக்க வேண்டும். சலேத் அன்னையின் கதையைச் சற்று உற்றுக் கேட்டால், அது மொழியைப் பற்றிய கதையும்கூட என்பது புலனாகும்.

இரண்டு குழந்தைகள்

1846ஆம் ஆண்டு செப்டம்பர் 19, சனிக்கிழமை. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள மலைச்சரிவில் இரண்டு குழந்தைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தனர். மெலனி கல்வா என்னும் சிறுமிக்கு வயது 14. மாக்சிமன் ஜிரோ என்னும் சிறுவனுக்கு 11. இருவரும் கோர் என்னும் ஊரைச் சேர்ந்தவர்களாயினும், ஒருவரையொருவர் அறிந்ததே அதற்கு முந்தைய ஓரிரு நாள்களில்தான். மேய்த்த மாடுகள் அவர்களுடையவை அல்ல. கூலிக்கு மேய்த்தனர். மெலனி வறுமை மிகுந்த குடும்பத்துப் பெண். சிறுவயது முதலே பிறர் வீட்டு மாடுகளின் பின்னால் அனுப்பப்பட்டவள். எழுத்தறியாதவள். மாக்சிமன் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சரின் மகன். உடல்நலம் குன்றிய மேய்ப்பன் ஒருவனுக்கு மாற்றாகச் சில நாள்களுக்கு மட்டும் வந்தவன்.

ஊற்றருகே அமர்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டனர். வெயிலில் கண் அயர்ந்தனர். விழித்ததும் மாடுகளைக் காணாமல் பதறித் தேடினர். மாடுகள் அருகிலேயே இருந்தன. திரும்பி வரும்போது, தாங்கள் உண்ட இடத்தில் பேரொளி ஒன்றைக் கண்டனர். அந்த ஒளிக்குள் ஒரு பெண் கல்லின்மேல் அமர்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்தார்.

குழந்தைகள் பின்னர்ச் சொன்னவற்றுள் இந்தக் காட்சி தனித்து நிற்கிறது. முடிசூடிய அரசியாகவும், குழந்தையை ஏந்திய தாயாகவும் மரியாவைக் காட்டும் சிற்பங்கள் ஏராளம். வழியோரத்தில் உட்கார்ந்து, துயரம் தாங்காத கிராமத்துப் பெண்ணைப்போல் அழும் மரியா அரிது. அவர் கழுத்தில் தொங்கிய சிலுவையின் ஒருபக்கம் சுத்தியலும் மறுபக்கம் குறடும் இருந்தன என்றனர் குழந்தைகள். ஆணி அடிப்பது ஒன்று, ஆணியைப் பிடுங்குவது மற்றொன்று.

அந்தப் பெண் எழுந்து, அஞ்சாமல் அருகில் வருமாறு அழைத்துப் பேசத் தொடங்கினார். பேசியது பிரெஞ்சு மொழியில். இங்குதான் சிக்கல் எழுந்தது. அந்நாளில் பிரான்சின் மலைப்புறத்து மக்கள் வீட்டில் பேசியது பிரெஞ்சு அன்று, வட்டாரமொழி. பிரெஞ்சு என்பது பள்ளிக்கூடத்தின் மொழி, அலுவலகத்தின் மொழி, கற்றவர்களின் மொழி. பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு அது அரைகுறையாகவே விளங்கும். பயிர் அழிவதைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண் உருளைக்கிழங்கைக் குறிப்பிட்டார். பிரெஞ்சில் அதற்குப் 'போம் து தேர்' என்று பெயர். மண்ணில் விளையும் ஆப்பிள் என்பது பொருள். மெலனிக்கு அது புரியவில்லை. 'போம்' என்றால் அவளுக்கு மரத்தில் காய்க்கும் ஆப்பிள்தான். அவள் வீட்டில் உருளைக்கிழங்குக்கு வேறு பெயர். குழப்பத்தோடு அவள் மாக்சிமன் பக்கம் திரும்பினாள்.

உடனே அந்தப் பெண், உங்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லையா, வேறுவிதமாகச் சொல்கிறேன் என்னும் பொருள்பட மொழிந்து, குழந்தைகளின் சொந்தப் பேச்சுக்கு மாறினார்.

இந்த நிகழ்ச்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளம். கத்தோலிக்கத் திருச்சபையே இத்தகைய காட்சிகளைத் தனிப்பட்ட வெளிப்பாடு என்றே வகைப்படுத்துகிறது. நம்பித்தான் ஆகவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கிரெனோபிள் மறைமாவட்ட ஆயர் பிலிபேர் து புரூயார் ஐந்தாண்டுகள் ஆராய்ந்த பிறகே, 1851 செப்டம்பர் 19 அன்று இதற்கு ஒப்புதல் அளித்தார். ஆயினும் கதையை இலக்கியமாகப் படிப்பவருக்கும் அந்த ஒரு கணம் வியப்பளிக்கும். விண்ணிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் குரல், ஓர் ஏழைச் சிறுமிக்கு ஒரு சொல் புரியவில்லை என்பதற்காகத் தன் மொழியை மாற்றிக்கொள்கிறது. புரியாதது அவளுடைய குறை என்று அது கருதவில்லை.

அந்தச் சொல் உருளைக்கிழங்காக இருந்ததும் தற்செயல் அன்று. 1845, 1846ஆம் ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. அயர்லாந்தில் மட்டும் அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். ஆல்ப்சு மலை மக்களின் உணவும் உருளைக்கிழங்கும் கோதுமையுமே. எனவே குழந்தைகளிடம் பேசப்பட்டது பட்டினியைப் பற்றி.

கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறாயா என்று மாக்சிமனிடம் கேட்கப்பட்டது. இல்லை என்றான். அப்போது அவன் மறந்துபோன ஒரு நாள் அவனுக்கு நினைவூட்டப்பட்டது. தந்தையோடு ஒரு வயலுக்குப் போயிருந்தான். அங்கே கதிரைக் கசக்கியபோது மணிகள் தூளாக உதிர்ந்தன. வீடு திரும்பும் வழியில் தந்தை ஒரு துண்டு ரொட்டியை அவன் கையில் கொடுத்து, இந்த ஆண்டாவது தின்றுகொள், அடுத்த ஆண்டு தின்ன யாருக்குக் கிடைக்குமோ என்றார். மகன் வாயிலாக இதைக் கேட்ட அந்தத் தச்சர், கோயில் பக்கமே போகாதிருந்தவர், மனம் மாறினார் என்பர். பயிர் பொய்த்த ஆண்டில் பிள்ளையின் கையில் உணவைக் கொடுத்துவிட்டுத் தகப்பன் சொல்லும் சொற்கள் கரிசல் நிலத்து மானாவாரி உழவருக்கு உரை எழுதாமலே விளங்கும்.

மலையேறிய பெயர்

இயேசு சபையினரின் பழைய மதுரை மிஷன் தமிழுக்கு அளித்தவற்றை மாணவர் அறிவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் அந்த மரபினர். 1773இல் உரோமையின் ஆணையால் அச்சபை கலைக்கப்பட்டது. 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. 1838இல் பிரெஞ்சுத் துறவியர் மதுரைக்கு வந்து பணியைத் தொடர்ந்தனர். வெப்பமும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களில் பலரை இளமையிலேயே கொண்டுபோயின. நோயிலிருந்து உயிர்பிழைக்க மலை தேவைப்பட்டது. அமெரிக்க மிஷனரிகள் 1845இலேயே கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக் குடியேறியிருந்தனர். பின்னர் லூயி சென் சீர் என்னும் இயேசு சபைத் துறவி அங்கே சென்றார். 1866இல் நெபோ மலை எனப்படும் மேட்டில் சலேத் அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். ஆல்ப்சு மலையின் செய்தி பழனி மலைக்கு வந்துசேர இருபது ஆண்டுகளே ஆயின.

ஆலயத்தை எழுப்பியவர் என்று ஒருவர் பெயரைச் சொல்லிவிடுகிறோம். கல்லும் சுண்ணாம்பும் தாமாக மலையேறுவதில்லை. அக்காலத்தில் கொடைக்கானலுக்கு வண்டிப்பாதை இல்லை. சமவெளியில் மாட்டுவண்டிப் பயணம். பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு என்னும் இடத்தில் மலைப்பாதை தொடங்கும். அங்கிருந்து மேலே நடை, அல்லது குதிரை, அல்லது ஆள்கள் தோளில் சுமந்து செல்லும் நாற்காலி. துரைமாரும் துரைசானிமாரும் அவர்களுடைய பெட்டிபடுக்கையும் தமிழர் தோள்களில் ஏறித்தான் குளிருக்குப் போய்ச் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் மலைச்சாலை அமைந்தது. சுமந்தவர்கள், சமைத்தவர்கள், கல் உடைத்தவர்கள், தோட்டவேலை செய்தவர்கள் எனப் பலர் சமவெளிக்குத் திரும்பாமல் மலையிலேயே தங்கினர். அவர்களுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அயலாரின் கோடை வாழிடத்தில் தமிழ்க் குடியிருப்புகள் இவ்வாறுதான் முளைத்தன. சலேத் அன்னையின் திருவிழாவை அயலார் விழாவாக விட்டுவைக்காதவர்களும் இவர்களே.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. அதே கொடைக்கானலில் 1936இல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் அயல்நாட்டில் பிறந்த ஒரு பெண்மணி. இந்து சமயத்தைத் தழுவி லீலாவதி எனப் பெயர் பூண்டவர். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார். மேலைநாட்டுப் பெண் ஒருவர் முருகனுக்குக் கோயில் எடுக்க, மேலைநாட்டு அன்னைக்குத் தமிழர் தேர் இழுக்கின்றனர். மலைக்கு இரண்டும் பழகிப்போயின.

கொடியும் தேரும்

பிரான்சில் லா சலேத் அன்னையின் நாள் செப்டம்பர் 19. கொடைக்கானலிலோ ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் கொடியேறி, 14ஆம் நாள் இரவு தேர்பவனியும், 15ஆம் நாள் பெருவிழாவும் நடக்கும். ஆகஸ்டு 15 மரியா விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்ட பெருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் அதைக் கோட்பாடாக அறிவிப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மக்கள் கொண்டாடிவரும் நாள். நாட்காட்டியில் அது ஆடியின் இறுதியில் விழுகிறது. தமிழகம் எங்கும் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றி முடியும் பருவம். தூத்துக்குடியில் பனிமய மாதாவின் திருநாளான ஆகஸ்டு 5உம் ஆடியில்தான் வருகிறது. ஆடியைத் தாயின் மாதமாகக் கொண்ட மக்கள், மரியாவின் நாள்களும் அதிலேயே அமைந்ததை இயல்பாக ஏற்றுக்கொண்டனர்.

கொடி என்பது தமிழ்த் திருவிழாவின் தொடக்கம். கோயிலாயினும் ஆலயமாயினும் தர்காவாயினும் கொடி ஏறினால்தான் விழா. அன்னையின் உருவம் வரைந்த கொடியைச் சுமந்து மக்கள் வலம்வருவர். மந்திரித்து ஏற்றும்போது 'மரியே வாழ்க' என்னும் முழக்கம் எழும். அதன்பின் நவநாள், மாலைதோறும் செபமாலை, மன்றாட்டு, மறையுரை, திருப்பலி, நற்கருணை ஆசீர். ஒவ்வொரு நாளையும் ஒரு குழுவோ தெருவோ அமைப்போ பொறுப்பேற்பது தமிழக ஆலயங்களில் வழக்கம். கோயில்களின் மண்டகப்படி முறையோடு இதற்குள்ள உறவு வெளிப்படை.

பதினான்காம் நாள் இரவில் மலை வேறு கோலம் கொள்ளும். மின்விளக்குகளும் மலர்களும் சூடிய தேரில் அன்னையின் சுரூபம் ஏறும். சமவெளித் தேரோட்டம் போன்றதன்று மலைத் தேரோட்டம். கொடைக்கானலில் நேரான சாலை குறைவு. ஏற்றத்தில் உந்தவேண்டும், இறக்கத்தில் இழுத்துப் பிடிக்கவேண்டும். வளைவில் தேர் திரும்பும்போது மஞ்சு குறுக்கே வந்தால் விளக்குகள் மங்கி, ஒளியின் வட்டம் மட்டும் தெரியும், தேர் தெரியாது. பாட்டுச் சத்தத்தை வைத்துத்தான் அது எங்கே வருகிறது என்று அறியலாம். தெருவோரத்தில் நிற்போர் மெழுகுவர்த்தியை உள்ளங்கையால் மறைத்துக் காற்றிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு நிற்பர். கடைகளின் வாசலில் தேர் நிற்கும், மாலை ஏறும், மீண்டும் நகரும். மாலை சாற்றுவோரில் கிறித்தவர் அல்லாதாரும் பலர்.

உப்பும் மிளகும் தேரின்மேல் தூவுவது தென்மாவட்டக் கத்தோலிக்கரின் பழைய நேர்ச்சை. உடம்பில் மருவோ சொறியோ வந்தால், உப்பு கரைவதுபோல் கரையட்டும் என்று வேண்டிக்கொள்வர். இது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த பழக்கமன்று. மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவோரைக் கண்டவர்களுக்கு இதன் ஊற்றுக்கண் எது என்று சொல்ல வேண்டுவதில்லை. மூடநம்பிக்கை என்று இதைக் கடிந்த குருக்களும் உண்டு. ஆனால் மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த காலத்துத் தாய், குழந்தையின் தோலில் கண்ட புண்ணைக் குறித்து விண்ணகத்தோடு பேச அவளுக்குத் தெரிந்த சொல் உப்புதான். அவளைக் கடிந்தவர்கள் அதை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சொற்கள் மாறிய வரலாறு

1960கள் வரை திருப்பலி இலத்தீன் மொழியில்தான் நடந்தது. குரு பீடத்தை நோக்கி, மக்களுக்கு முதுகுகாட்டி நிற்பார். அவர் வாயசைப்பதன் பொருள் பின்னால் நிற்பவருக்கு எட்டாது. எனவே அவர்கள் பூசை நடக்கும் நேரத்தில் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். ஒரே கூரையின்கீழ் இரண்டு மொழிகள். ஒன்று முன்னால், மற்றொன்று பின்னால். ஆலயத்துக்கு வெளியே வந்துவிட்டால் இந்தப் பிளவு இல்லை. கொடியேற்றமும் தேரும் மன்றாட்டும் பாட்டும் முழுக்கத் தமிழ். மக்கள் திருவிழாவை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம். பீடத்தில் புரியாத இறைவன் தெருவில் புரிந்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வழிபாட்டைப் பற்றிய ஆவணத்தை வெளியிட்டு, மக்கள் மொழிக்குக் கதவு திறந்தது. அதன்பின் பலிபீடம் மக்களை நோக்கித் திரும்பியது. குரு தமிழில் பேசினார். லா சலேத்தில் மொழி மாறிச் சற்றேறக்குறைய 117 ஆண்டுகள் கழித்து உரோமை அந்த வழிக்கு வந்தது என்று ஒரு முதியவர் வேடிக்கையாகச் சொல்லக்கூடும்; அதில் பிழை காண முடியாது. லூர்து நகரில் 1858இல் பெர்னதெத் என்னும் சிறுமிக்குத் தோன்றிய மரியா பேசியதும் அவளுடைய வட்டாரமொழிதான். அங்குள்ள சிலையின் அடியில் அச்சொற்கள் பிரெஞ்சில் அல்லாமல் அந்த மொழியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

தமிழ் வழிபாட்டுக்குள்ளும் மாற்றம் நின்றபாடில்லை. பழைய நாட்காட்டிகளில் ஆகஸ்டு 15 'தேவமாதா மோட்ச ஆரோபணத் திருநாள்'. இன்று அது 'அன்னை மரியாவின் விண்ணேற்பு'. பூசை திருப்பலியானது. ஞானஸ்நானம் திருமுழுக்கானது. சர்வேசுரன் இறைவனானார். தனித்தமிழின் காற்று ஆலயத்துக்குள்ளும் வீசியதன் அடையாளங்கள் இவை. ஆயினும் பாட்டிமார் இன்றும் பூசைக்குத்தான் போகின்றனர். திருப்பலிக்குப் போவது பேரப்பிள்ளைகள். இரண்டும் ஒரே இடத்தில்தான் கூடுகின்றன என்பதால் சண்டை இல்லை.

உருளைக்கிழங்கும் இப்படி வந்த சொல்தான். தென்னமெரிக்காவில் தோன்றி ஐரோப்பியர் வழியாக வந்த கிழங்குக்குச் சங்கநூல்களில் பெயர் தேட முடியாது. அதன் வடிவத்தைப் பார்த்து யாரோ உருளை என்றார், ஊர் ஏற்றுக்கொண்டது. மண் ஆப்பிள் என்று பிரெஞ்சிலிருந்து பெயர்த்திருந்தால் மெலனிக்கு நேர்ந்த குழப்பமே நமக்கும் நேர்ந்திருக்கும். இன்று கொடைக்கானலின் மேல்மலைச் சிற்றூர்களில் அது முதன்மைப் பயிர்களுள் ஒன்று. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் கேரட்டும் அதனோடு விளைகின்றன. ஆல்ப்சு மலையில் எந்தப் பயிர் கருகியதற்காக அன்னை அழுதாரோ, அந்தப் பயிர் விளையும் மலையிலேயே அவருக்கு ஆலயமும் அமைந்தது. படிக்கட்டு நிலங்களில் கருகல் நோய் இங்கும் வருவதுண்டு. மஞ்சு நீடித்துத் தங்கும் ஆண்டுகளில் இலையில் கரும்புள்ளி தென்படுகிறதா என்று உழவர் குனிந்து பார்ப்பர்.

சமவெளியின் செவிகளில்

விஸ்வநத்தம் போன்ற ஊர்களுக்கு இக்கதையில் என்ன பங்கு? மேலோட்டமான விடை ஒன்று உண்டு. சிவகாசி வட்டாரத்து அச்சகங்களில் அச்சாகும் நாட்காட்டிகளில் முருகனும் இலட்சுமியும் அன்னை மரியாவும் ஒரே மையில், ஒரே எந்திரத்தில் உருப்பெறுகின்றனர். ஆகஸ்டு 15 என்னும் தாளில் விடுதலை நாளும் விண்ணேற்பும் அடுத்தடுத்த வரிகளில் அமரும். வானில் விரியும் வாணங்கள் தமிழகத்தின் எந்தச் சமயத்துத் திருவிழாவிலும் இவ்வட்டாரத்துக் கைகளின் வேலையே.

ஆழமான விடை மெலனியிடமும் மாக்சிமனிடமும் இருக்கிறது. பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் பிறர்வீட்டு மாடு மேய்த்த குழந்தைகள் அவர்கள். சிவகாசி வட்டாரமும் அத்தகைய குழந்தைகளை அறியும். விடியுமுன் வந்து நிற்கும் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறி, தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சி அடுக்கப் போன ஒரு தலைமுறை இன்று பெற்றோராகவும் தாத்தா பாட்டியாகவும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளின் நிலைமை குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலையளித்தவர் நல்வாழ்வு நிதியில் செலுத்தவேண்டும் என்றும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்றும் அது கூறியது. குழந்தைகள் சிறுகச் சிறுக வகுப்பறைக்குத் திரும்பினர். அவர்களில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள் பாடநூலின் சொற்களைப் புரியாமல் விழித்திருப்பர். மெலனி மாக்சிமன் பக்கம் திரும்பியதுபோல் பக்கத்து இருக்கையின் பக்கம் திரும்பியிருப்பர். அந்நேரத்தில் வேறுவிதமாகச் சொல்கிறேன் என்று தொடங்கிய ஆசிரியர் வாய்த்தவர்கள் நிலைத்தனர். வாய்க்காதவர்கள் நின்றுவிட்டனர்.

மெலனியின் பிற்கால வாழ்வும் எளிதாக இல்லை. மாக்சிமன் பல தொழில்களைத் தொட்டு எதிலும் நிலைக்காமல் 1875இல், நாற்பது வயது நிறையுமுன் இறந்தான். மெலனி பல நாடுகளில் அலைந்து 1904இல் மறைந்தாள். காட்சி கண்டவர்கள் என்பதால் உலகம் அவர்களை விட்டுவைக்கவில்லை. எந்நேரமும் கேள்வி கேட்டுத் துளைத்தது. குழந்தைகளாகவே அவர்களிடம் பேசியவர், அந்த மலைச்சரிவில் அழுதுகொண்டிருந்த ஒருவர் மட்டுந்தான் போலும்.

ஆகஸ்டு 15 காலையில் கொடைக்கானலில் இரண்டு கொடிகள் பறக்கும். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மூவண்ணக் கொடி. நெபோ மலையில் அன்னையின் கொடி. பள்ளியில் மிட்டாய் வாங்கிக்கொண்ட குழந்தைகள் சீருடையோடு ஆலயத்துக்கு ஓடிவருவர். பெருவிழாத் திருப்பலி முடிந்ததும், கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பேருந்து நிலையத்தை நோக்கி நடப்பர். வத்தலக்குண்டு, மதுரை வழியாக அவரவர் ஊர் போய்ச் சேரவேண்டும். வழியில் சந்தை. மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பைகளில் ஏறும். பேரம் பேசும் குரல்களில் மதுரை வழக்கும் நெல்லை வழக்கும் கரிசல் வழக்கும் மேல்மலை வழக்கும் கலந்து கேட்கும். ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சற்றே புரியாமற் போனால், விற்பவர் இன்னொரு முறை, வேறு சொல்லில் விலையைச் சொல்வார்.